முதல் ஊசிக்கு முன்



நிமோனியா என்று ஒருவரை வார்டில் சேர்க்கிறோம். எக்ஸ்ரேயில் நுரையீரலின் ஒரு பகுதி வெளுத்துக் கிடக்கிறது. காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் எல்லாம் இருக்கின்றன. ஊசி தொடங்குகிறது. பெரும்பாலானவர்கள் ஒரு வாரத்தில் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். சிலர் போவதில்லை. இரண்டு வகையினரின் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். எந்தக் கிருமியால் வந்த நிமோனியா என்ற கேள்விக்கு அதில் பெரும்பாலும் விடை இருக்காது. ஊரிலிருந்தே நோயோடு வருகிறவர்களின் நிமோனியாவுக்குக் காரணம் கண்டுபிடிப்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். மருத்துவமனையில் படுத்திருக்கும்போது தொற்றுவது வேறு வகை, அதை இங்கே எடுக்கவில்லை.

காரணம் தெரியாமலே குணமாகிவிட்டால் என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அந்த ஒரு நோயாளிக்குக் குறை இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவருக்குப் பின்னால் வரப்போகிற நோயாளிக்கு எந்த மருந்தை முதலில் கொடுப்பது என்பதை, இவரிடம் கண்டுபிடித்த கிருமிதான் சொல்ல வேண்டும். அது தெரியாதபோது வேறு நாட்டில், வேறு மழையில், வேறு மண்ணில் எடுத்த கணக்கை வைத்து இங்கே மருந்து கொடுக்கிறோம். என் வாதம் முழுவதும் இதுதான். காரணம் தேடும் வேலை பெரிய நகரத்து இயந்திரத்தில் தொடங்குவதில்லை. தாலுகா மருத்துவமனையில், முதல் ஊசி ஏறுவதற்கு முந்திய பத்து நிமிடத்தில் தொடங்குகிறது.

பாறசாலை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்ற இந்த எல்லை ஊர்களின் அமைப்பை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு புதிது, நோயாளி நடந்த பாதை பழையது. 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கிய காலத்தில் பாறசாலையிலிருந்து அங்கே போக எந்தச் சோதனைச்சாவடியும் கிடையாது. எவரெஸ்ட் ஏறப்போன ஹோவர்ட் சோமர்வெல் அதே நெய்யூரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். இன்று அவர் பெயரைத் தாங்கிய மருத்துவக் கல்லூரி கோட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்துக் காரக்கோணத்தில் இருக்கிறது. மூச்சுத் திணறலோடு ஒருவர் புறப்பட்டால் பாறசாலை தாலுகா மருத்துவமனைக்குப் போகலாம், நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனைக்குப் போகலாம், காரக்கோணம் போகலாம், நேராகத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கே போகலாம். கிழக்கே திரும்பினால் குழித்துறை இருக்கிறது, நெய்யூர் இருக்கிறது, நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் இருக்கிறது. பனச்சமூடு சந்தைக்குப் போய்வருகிறவருக்கு எந்த மாநிலத்துக் காற்றை மூச்சிழுத்தோம் என்று தெரியாது. ஒரே நோய் இரண்டு மாநிலப் பதிவேடுகளில் பாதி பாதியாகப் பதிவாகிறது. சில சமயம் இரண்டிலும் பதிவாவதில்லை.

கொஞ்சம் பழைய கதை சொல்ல அனுமதியுங்கள். நிமோனியாவின் காரணத்தைத் தேடிய தேடலிலிருந்துதான் நுண்ணுயிரியலின் பாதிச் செல்வம் வந்தது.

1881இல் பிரான்சில் பாஸ்டரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பர்க்கும் தனித்தனியே எச்சிலில் ஒரு கிருமியைக் கண்டார்கள். அதுதான் நிமோகாக்கஸ். அது நிமோனியாவை உண்டாக்குகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. பெர்லினில் கார்ல் ஃப்ரீட்லேண்டர் தான் கண்ட வேறொரு கிருமிதான் நிமோனியாவுக்குக் காரணம் என்றார். ‘இல்லை, இதுதான்’ என்று ஆல்பர்ட் ஃப்ரெங்கல் நிமோகாக்கஸைக் காட்டினார். கடுமையான சர்ச்சை நடந்தது. ஃப்ரீட்லேண்டரின் ஆய்வகத்தில் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க்காரர் இருந்தார். நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் துண்டுகளில் திசு ஒரு நிறத்திலும் கிருமி வேறு நிறத்திலும் தெரியும்படி சாயமேற்ற அவர் முயன்றார். 1884இல் வெளியான அந்த முறைதான் இன்றுவரை உலகின் எல்லா ஆய்வகத்திலும் நடக்கும் கிராம் சாயம். இரண்டு பேர் சொன்னதும் உண்மை என்று பின்னால் தெரிந்தது. ஃப்ரீட்லேண்டர் கண்டது இன்று நாம் கிளெப்சியெல்லா என்று சொல்லும் கிருமி. ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்ற நம்பிக்கை நிமோனியாவில் உடைந்தது.

பின்வந்த ஆண்டுகளில் காரணம் தேடுவது வார்டின் அன்றாட வேலையாகவே இருந்தது. அப்போது கையில் இருந்த நல்ல மருந்து சீரம். நிமோகாக்கஸின் எந்த வகைக்கு எந்தச் சீரம் என்று பிரித்தாக வேண்டும், தவறான வகைச் சீரம் பயன்படாது. ஆகவே நள்ளிரவில் வந்த நோயாளியின் சளியையும் இளம் மருத்துவர்களே எடுத்துப் போய் வகை பார்த்தார்கள். இங்கிலாந்தில் ஃப்ரெடரிக் கிரிஃபித் நோயாளிகளிடமிருந்து இப்படி வகை வகையாக நிமோகாக்கஸ் சேர்த்துக்கொண்டிருந்தபோதுதான், செத்த கிருமியின் குணம் உயிருள்ள கிருமிக்குத் தாவுவதைக் கண்டார். அது 1928. அந்தத் தாவும் பொருள் டி.என்.ஏ. என்று ஏவரியும் தோழர்களும் 1944இல் காட்டினார்கள். மரபியலின் அடித்தளமே சளிக்கிண்ணத்திலிருந்து எழுந்தது என்று சொன்னால் அது மிகையல்ல.

சல்ஃபா மருந்தும் பென்சிலினும் வந்தன. வகை பார்க்கவேண்டிய அவசியம் போயிற்று. உயிர்கள் பிழைத்தன; அதில் எனக்கு மகிழ்ச்சியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அவசியம் போனதோடு பழக்கமும் போயிற்று. பழக்கம் போன வார்டுகளில்தான் நானும் நீங்களும் பயிற்சி பெற்றோம்.

இந்தியாவில் யாரும் தேடவே இல்லை என்று சொல்வது அநியாயம். 1993 முதல் 1997 வரை வேலூர் சி.எம்.சி. முன்னின்று, ஆறு மருத்துவமனைகள் சேர்ந்து நிமோகாக்கஸைத் தேடின. அந்த ஆறில் சென்னையும் உண்டு, நம் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும் உண்டு. 1999இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. 307 நோயாளிகளிடம் நிமோகாக்கஸ் கிடைத்தது. பென்சிலினுக்கு ஓரளவு எதிர்ப்புக் காட்டியவை 100க்கு ஒன்றைச் சற்றே தாண்டின. கோட்ரைமாக்சசோலுக்கு எதிர்ப்புக் காட்டியவையோ பாதிக்கு மேல். அந்த ஒரு வரிக்கு எவ்வளவு பெறுமதி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் குழந்தைகளின் நிமோனியாவுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொடுத்துவந்த மாத்திரையே கோட்ரைமாக்சசோல்தான். எந்த வகைக் கிருமி இங்கே உலவுகிறது என்ற இத்தகைய கணக்கு இல்லாவிட்டால், எந்த வகைகளைச் சேர்த்த தடுப்பூசி நமக்கு உதவும் என்று யாராலும் சொல்லமுடியாது. 2021இல் நிமோகாக்கஸ் தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இலவசமாக வந்ததே, அதற்குப் பின்னால் இப்படிச் சேர்த்த ஆயிரக்கணக்கான குப்பிகள் இருக்கின்றன.

வசதி நிறைந்த இடத்தில் என்ன கிடைத்தது என்பதையும் பார்த்துவிடுவோம். 2010 முதல் 2012 வரை சிகாகோ, நாஷ்வில் நகரங்களின் ஐந்து மருத்துவமனைகளில் நிமோனியாவோடு சேர்ந்த பெரியவர்களை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்தது. எக்ஸ்ரே சான்றும் மாதிரியும் உள்ளவர்கள் 2,259 பேர். அன்றைக்கு இருந்த நல்ல சோதனைகள் பலவற்றையும் செய்தார்கள். கிருமி கண்டது 853 பேரிடம், அதாவது 38 சதவீதம். அதில் வைரஸ்களே அதிகம். எல்லோரும் முதலிடத்தில் எதிர்பார்த்த நிமோகாக்கஸ் 5 சதவீதம் மட்டுமே. 100க்கு 62 பேரிடம் ஒன்றும் கிடைக்கவில்லை. அமெரிக்காவிலேயே இப்படி என்றால் நாம் எதற்குத் தேடவேண்டும் என்று இதைக் காட்டிச் சிலர் சொல்கிறார்கள். நான் இதை நேர்மாறாகப் படிக்கிறேன். அங்கே கிடைக்காததற்குக் காரணங்களை அவர்களே தேடி எழுதினார்கள்: ஏற்கெனவே கொடுத்த ஆன்டிபயாடிக், நுரையீரலின் ஆழத்திலிருந்து வராத மாதிரி, இன்னும் சோதனையே இல்லாத கிருமிகள். முதல் இரண்டும் நம் கையில் இருப்பவை.

அந்த இரண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசவேண்டும்.

எல்லைக் கிராமத்து நோயாளி ஒருவர் பொதுவாக வந்துசேரும் வழி இது. முதல் நாள் காய்ச்சலுக்கு மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு மூன்று மாத்திரை. மூன்றாம் நாள் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஊசி. ஐந்தாம் நாள் மூச்சு வாங்கவே சின்ன மருத்துவமனையில் டிரிப்ஸோடு இன்னொரு ஊசி. ஆறாம் நாள் ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனை. அங்கே கிருமியை வளர்த்துப் பார்க்கக் கல்ச்சர் எடுத்தால் ஒன்றும் வளராது. நிமோகாக்கஸ் மிக மெல்லிய உயிர். ஒரு வேளை மருந்துக்கே ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். தன் உடலைத் தானே கரைத்துக்கொள்ளும் நொதியும் அதனிடம் உண்டு. குப்பி மேசையில் காத்துக் கிடந்தாலே அது கரைந்துவிடும். 2014 முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணை பல ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்கிறது. 2024இல் கேரளம் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று கடைகளைச் சோதித்தது. நல்ல வேலை. ஆனால் இஞ்சிவிளையில் இறுக்கினால் களியக்காவிளைக்கு நடந்தே போகலாம், அங்கே இறுக்கினால் இங்கே வரலாம். எல்லையில் இரண்டு மாநிலமும் ஒன்றாக இறுக்கினால்தான் பலன்.

அடுத்தது சளி. நோயாளி துப்புவதெல்லாம் சளி ஆகாது. வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழ இருமி, மார்பிலிருந்து வரவேண்டும். நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு புலத்துக்கு வாய்த்தோல் செல்கள் 10க்குக் குறைவாகவும், சீழ்செல்கள் 25க்கு மேலாகவும் இருந்தால் அது நுரையீரல் பேசுவது. மாறி இருந்தால் எச்சில், அதைத் திருப்பி அனுப்பவேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்து வாங்கத் தெரிந்த ஒரு செவிலியர், லட்சக்கணக்கில் விலையுள்ள இயந்திரத்தைவிட இந்த விஷயத்தில் பெரியவர். மாதிரி இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேரவேண்டும். ரத்தக் கல்ச்சருக்குப் பெரியவர்களிடம் ஒரு குப்பிக்கு 8 முதல் 10 மில்லி எடுக்கவேண்டும். இரக்கப்பட்டு 3 மில்லி எடுத்தால் அந்த இரக்கம் யாருக்கும் உதவாது. ஆய்வகத்தில் கிருமியை வளர்க்கும் தட்டில் செம்மறியாட்டு ரத்தம் கலக்கவேண்டும். நம் நாட்டில் பல இடங்களில் ரத்த வங்கியில் காலாவதியான மனித ரத்தத்தைக் கலந்துவிடுகிறார்கள். அதில் நிமோகாக்கஸ் சரியாகத் தெரிவதில்லை. கிடைக்கவில்லை என்று அறிக்கை வருகிறது, இங்கே அந்தக் கிருமியே இல்லை என்று நாமும் முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

இந்திய மார்பு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, மருத்துவமனையில் சேர்க்கும் ஒவ்வொரு நிமோனியா நோயாளிக்கும் ரத்தக் கல்ச்சரும் சளிச் சோதனையும் எடுக்கச் சொல்கிறது. வெளிநோயாளிக்குத் தேவையில்லை என்றும் சொல்கிறது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஊசியைத் தாமதப்படுத்தச் சொல்லவும் இல்லை. மூச்சுத் திணறலோடு வந்தவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். மாதிரி எடுத்த அதே கையால் ஊசி போட்டுவிடலாம்.

இனி இந்த மண்ணுக்கு உரிய காரணங்கள். அமெரிக்கப் பட்டியலில் இவற்றில் பலவற்றுக்கு இடமே இருக்காது.

உண்ணிக்காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். கேரள அரசின் அறிவிப்புகளில் செள்ளுப்பனி. புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் இளம்பருவம் கடித்து, ஓரியன்ஷியா என்ற கிருமி உள்ளே போகிறது. 2022 ஜூனில் சில நாள் இடைவெளியில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் இருவர் இதில் இறந்தார்கள். ஒருவர் வர்க்கலைப் பக்கத்து மாணவி, மற்றவர் இந்தப் பாறசாலைப் பக்கத்துப் பெண். இந்தக் காய்ச்சல் முற்றினால் நுரையீரலைத் தாக்கும். எக்ஸ்ரேயில் நிமோனியாவைப் போலவே தெரியும். நிமோனியாவுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி இந்தக் கிருமியைத் தொடாது. சில ரூபாய் விலையுள்ள டாக்சிசைக்ளின் கேட்கும். வேலூர் சி.எம்.சி.யின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் பல மருத்துவமனைகள் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. கடுமையான நோயில் டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்ந்து கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று அது காட்டியது. இந்த நோயின் முதல் ஆய்வகம் நோயாளியின் தோல்தான். அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பின் அடி, தொடையிடுக்கு எல்லாம் பார்த்தால் சிகரெட் சுட்டது போல ஒரு கருத்த பொருக்கு இருக்கலாம். அதற்குத் திரைச்சீலையும் டார்ச் விளக்கும் பெண் நோயாளிக்கு ஒரு செவிலியரின் துணையும் போதும். மழையில் வயலிலும் ஓடையிலும் இறங்குகிறவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலும் இப்படித்தான், நுரையீரலில் ரத்தம் கசிய வைத்து நிமோனியா வேடம் போடும்.

இன்னொரு நோயைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன். மெலியாய்டோசிஸ். 1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையில் இறந்தவர்களின் நுரையீரலில் விந்தையான, பாலாடைக்கட்டி போல இறுகிய பகுதிகளைக் கண்டு ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும் புதிய கிருமி ஒன்றைப் பிரித்தார்கள். 1912இல் இந்தியன் மெடிக்கல் கெஜட்டில் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. பாடநூல்களில் விட்மோர் நோய் என்று ஆனது. கிருஷ்ணசாமியின் பெயரை நம் மாணவர்களாவது சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் விருப்பம். அந்தக் கிருமி ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. மழைக்காலத்தில், சர்க்கரை நோய் உள்ளவர்களை அதிகம் பிடிக்கிறது. தென்னிந்தியாவின் இரு கரைகளிலும் தேடியவர்களுக்கெல்லாம் கிடைத்திருக்கிறது. ரப்பர் பால் வெட்ட விடியுமுன் ஈரத்தில் வெறுங்காலோடு நடக்கும் ஒருவருக்குச் சர்க்கரையும் இருந்தால், நெய்யாற்றின்கரையில் இருந்தாலும் விளவங்கோட்டில் இருந்தாலும், அவர் இந்தக் கிருமியின் பாதையில் நிற்கிறார். இதற்குச் செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் வாரக்கணக்கில் வேண்டும். பிறகு கோட்ரைமாக்சசோல் மூன்று மாதமாவது. செஃப்ட்ரியாக்சோனை நம்பினால் நோயாளி இறக்கலாம். ஆய்வகத்தில் இது வளர்ந்தாலும் ஏதோ சூடோமோனாஸ், வெளியிலிருந்து கலந்தது என்று தள்ளிவிடுகிறார்கள். ஜென்டமைசின், கொலிஸ்டின் இரண்டுக்கும் அடங்காமல் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு அடங்கும் கிருமி என்றால் உடனே சந்தேகிக்கவேண்டும். எளிய மூன்று வட்டுச் சோதனை. அதை எந்தச் சிறிய ஆய்வகமும் செய்யலாம்.

காசநோயை மறக்கக்கூடாது. அது எப்போதும் மெதுவாக வராது, சில சமயம் நிமோனியா போல வேகமாகவே வரும். அந்த நேரத்தில் லெவோஃப்ளாக்சாசின் கொடுத்தால் காய்ச்சல் கொஞ்சம் இறங்கும், சளியில் கிருமி மறையும், நோயோ உள்ளே வளரும். காசநோய் இல்லை என்று பார்க்காமல் அந்த மருந்தை எழுதக்கூடாது என்பதை நான் மாணவர்களிடம் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வைரஸ்களுக்கு வருவோம். 2020 ஜூலையில் பூந்துறையிலும் நெய்யாற்றின்கரைக் கடற்கரைப் புல்லுவிளையிலும் கொரோனா சமூகப் பரவலாகிவிட்டது என்று கேரள முதலமைச்சர் அறிவித்தார். நாட்டிலேயே இதை வெளிப்படையாகச் சொன்ன முதல் அறிவிப்புகளில் அது ஒன்று. சோதித்ததால் தெரிந்தது, தெரிந்ததால் சொல்ல முடிந்தது. இன்ஃப்ளூயன்சாவிலும் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கேரளத்தில் அது தென்மேற்குப் பருவமழையோடு உச்சம் காண்கிறது, சென்னையில் வடகிழக்கு மழையோடு. எல்லைக் கிராமங்களில் இரண்டு மழையும் பெய்கிறது. எந்த மாதம் தடுப்பூசி போடுவது என்று தலைநகரங்களின் கணக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. இங்கேயே எண்ணவேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: மூக்கில் வைரஸ் இருப்பது வேறு, நுரையீரலை அது கெடுத்தது வேறு. நலமாக இருக்கும் குழந்தைகளின் மூக்கிலேயே நிமோகாக்கஸ் இருக்கும். ஒரே தட்டில் இருபது கிருமிகளைக் காட்டும் புதிய இயந்திர அறிக்கையில் ஏதோ ஒன்றுக்கு நேராகக் குறி விழுந்தவுடன் காரணம் கிடைத்துவிட்டது என்று எண்ணக்கூடாது. நோயாளியின் படுக்கையருகே உட்கார்ந்து கதை கேட்டவர்தான் அந்தக் குறிக்குப் பொருள் சொல்லமுடியும்.

தேடினால் கிடைக்கும் என்பதற்கு நிமோனியாவுக்கு வெளியேயிருந்து ஒரு சான்று சொல்கிறேன். 2024 ஜூலை, ஆகஸ்டில் நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூர்ப் பகுதியில் இளைஞர்களுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்தது. ஒருவர் இறந்தார். உலகெங்கும் ஏறக்குறைய எல்லோரையும் கொல்லும் நோய் அது. முதுகுத்தண்டு நீரைச் சாயமில்லாமல் உடனே நுண்ணோக்கியில் வைத்து அசைகிறதா என்று பார்த்தார்கள் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தார். கண்டார்கள், மருந்து தொடங்கினார்கள், பலர் பிழைத்தார்கள். ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு துளி நீர், பார்க்கவேண்டும் என்று எண்ணிய ஒரு மனம். அதே கவனம் நிமோனியாவுக்குக் கிடைக்கக் கூடாதா?

இரு மாநிலச் சுகாதாரத் துறைகளிலும் இதைக் கேட்கிறேன். பாறசாலை, நெய்யாற்றின்கரை, குழித்துறை மருத்துவமனைகளின் ஓ.பி. சீட்டில் ஒரே ஒரு வரி அச்சிடுங்கள்: ‘இதற்குமுன் எடுத்த ஆன்டிபயாடிக், எந்த நாள்’. டிஸ்சார்ஜ் சீட்டில் கிருமியின் பெயருக்கு ஒரு கட்டம் விடுங்கள். கிடைக்காவிட்டால் ‘தேடினோம், கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள். தேடவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். திருவனந்தபுரம், ஆசாரிப்பள்ளம் ஆய்வகங்கள் எல்லைக் கிராமத்து நோயாளிகளின் முடிவுகளை, பெயரை நீக்கிவிட்டு, வாரம் ஒருமுறை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளட்டும். இதற்குச் சட்டத்திருத்தம் வேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

இங்கே வந்திருக்கும் அறக்கட்டளை நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மழைக்காலம் தொடங்குமுன், பாறசாலை தாலுகா மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒரு தட்டு எப்போதும் தயாராக இருக்க உங்கள் வட்டிப் பணத்திலிருந்து உதவுங்கள். அதில் இரண்டு ரத்தக் கல்ச்சர் குப்பிகள், அகலவாய்ச் சளிக்குப்பி ஒன்று, கண்ணாடித் துண்டுகள், ஒரு டார்ச் விளக்கு இருக்கட்டும். நெய்யாற்றின்கரை ஆய்வகத்துக்கு மாதந்தோறும் செம்மறியாட்டு ரத்தம் வாங்கித் தரும் செலவையும், மாதிரியை இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்கும் ஆட்டோச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கணக்கை நான் எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் தருகிறேன்.